வெள்ளச்சிக்குக் குடலிறக்க ஆபரேஷன்: கோவைப் பறவை கிளினிக் பற்றி

எங்கள் வீட்டு காக்டெயில் கிளி வெள்ளச்சிக்குப் போன தை மாதம் முதல் வாரத்தில் வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. ஐந்து மாதம் ஆகிறது. நன்றாக இருக்கிறாள். எங்கே காட்டினீர்கள், எவ்வளவு ஆனது, பிழைத்ததா என்று தினமும் யாராவது கேட்கிறார்கள். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

கிளினிக் கோயம்புத்தூரில் இருக்கிறது. டாக்டரின் பெயரையும் இடத்தையும் நான் போடவில்லை. அவரே வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வாரத்தில் செவ்வாய், சனி இரண்டு நாள்தான் பறவைகளைப் பார்க்கிறார், அதற்கே கூட்டம் தாங்கவில்லை. ஆனால் அவர் எப்படிப் பார்த்தார் என்பதை விவரமாகச் சொல்கிறேன். உங்கள் ஊரில் ஒரு டாக்டரிடம் பறவையைக் கொண்டுபோகும்போது எதை எதிர்பார்க்கலாம் என்று தெரிந்துகொள்ள அது உதவும்.

நான் அவிநாசியில் வீட்டு முன்னறையிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூட யூனிபார்ம். மிஷினுக்கு எதிரே ஜன்னல் ஓரத்தில்தான் வெள்ளச்சியின் கூண்டு. உடம்பு முழுக்க வெளிர் மஞ்சள், கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு, தலையில் கொண்டை. ஆறு வயது. ஜோடி கிடையாது. இரண்டு வயதில் முட்டை போட ஆரம்பித்தாள். சேவல் இல்லாமலே நாமக்கல் பண்ணைக்கோழி முட்டை போடுகிற ஊரில் பிறந்தவள் நான், அதனால் அது எனக்கு அதிசயமாகவே படவில்லை. போட்ட முட்டையை அன்றன்றே எடுத்துப் போட்டுவிடுவேன். கடைசி ஒரு வருஷத்தில் மட்டும் 41 முட்டை. காலண்டரில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்ததால் கணக்குச் சரியாகத் தெரிந்தது. அந்தக் கோடுகள்தான் பிறகு டாக்டருக்கு நோயைக் கண்டுபிடிக்க முதல் துப்பு.

புரட்டாசி கடைசியில், தீபாவளி ஆர்டர் மும்முரமாக இருந்த நேரம், அவள் கம்பி ஏறும்போது வயிற்றுக்கும் வாலுக்கும் நடுவில் ஒரு உப்பல் தெரிந்தது. சுண்டைக்காய் அளவுதான். எங்கள் அத்தை பார்த்துவிட்டு, "முட்டை மாட்டிக்கிச்சாட்ட இருக்குது கண்ணு, வெளக்கெண்ணெ தொட்டு வை" என்றார். நாட்டுக்கோழிக்கு அப்படித்தான் செய்வார்கள். வைத்தேன். முட்டை வரவில்லை. பத்து நாளில் உப்பல் நெல்லிக்காய் அளவாகிவிட்டது. எச்சம் வாலடியில் ஒட்டிக்கொண்டது. எச்சமிட ஒவ்வொரு தடவையும் வாலைத் தூக்கி முக்கினாள். எனக்கு வெசனம் பிடித்துக்கொண்டது.

முதலில் போனது பக்கத்து ஊரில் இருக்கும் ஒரு இடம். பெயர் வேண்டாம். அங்கே மாடு, ஆடு, நாய் எல்லாம் நன்றாகத்தான் பார்க்கிறார்கள். வெள்ளச்சியைப் பிடித்த பிடியிலேயே எனக்கு பயம் வந்துவிட்டது, நெஞ்சைச் சேர்த்து அழுத்திப் பிடித்தார்கள். முட்டை அடைப்பு என்று கால்சியம் ஊசி போட்டு அனுப்பினார்கள். மூன்று நாள் கழித்து மறுபடி போனபோது, "தண்ணி கோத்திருக்குது, ஊசி விட்டு எடுத்தரலாம்" என்று சிரிஞ்சைக் கையில் எடுத்தார்கள். எக்ஸ்ரே எடுக்காமலா என்று கேட்டேன். இத்தனூண்டு குருவிக்கு எக்ஸ்ரேயா என்றார்கள். பறவையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த உப்பலுக்குள் இருந்தது தண்ணீர் இல்லை, குடல். ஊசி உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கு நினைத்தாலும் கை நடுங்குகிறது.

யார்மேலும் கோபமாக இதை எழுதவில்லை. நம் பக்கம் பறவைகளுக்குப் பஞ்சமே இல்லை. பல்லடம் கறிக்கோழி, நாமக்கல் முட்டைக்கோழி என்று ஊரே கோழியில் நடக்கிறது. ஆனால் பண்ணையில் வைத்தியம் என்றால் ஆயிரக்கணக்கான கோழிகளுக்கு ஒன்றாகத் தண்ணீரில் கலந்து கொடுப்பது, தடுப்பூசி போடுவது. ஒரே ஒரு பறவையைப் படுக்கவைத்து வயிற்றைத் திறக்க வேண்டிய அவசியம் அங்கே யாருக்கும் வராது. அதனால்தான் கோடிக்கணக்கில் கோழி இருக்கிற நாட்டில் ஒரு கிளிக்கு டாக்டர் தேட நான் ஐந்து பேரிடம் போன் போட வேண்டியிருந்தது. கோவை டாக்டரும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்தான். கிளி வைத்தியத்தைத் தனியாக ஆர்வப்பட்டுக் கற்றுக்கொண்டதாகச் சொன்னார்.

சரி, கிளினிக்குக்கு வருகிறேன். தீபாவளி முடிந்த முதல் செவ்வாய்க்கிழமை விடியற்காலை பஸ். தெக்கலூர், கருமத்தம்பட்டி தாண்டுகிற வரைக்கும் கூண்டை மடியில் வைத்துத் துண்டால் மூடிக்கொண்டே போனேன். காந்திபுரத்தில் இறங்கி இன்னொரு டவுன் பஸ். எங்கள் முறை வர இரண்டு மணி நேரம் ஆனது. இந்த இடத்தில் ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். நாய்களும் பூனைகளும் பறவைகளும் ஒரே ஹாலில்தான் காத்திருக்கின்றன. ஒரு லாப்ரடார் குரைக்கும்போதெல்லாம் வெள்ளச்சி கூண்டுக்குள் அடித்துக்கொண்டாள். ஏற்கெனவே மூச்சு வாங்குகிற பறவைக்கு அது நல்லதில்லை. டாக்டரிடமே சொன்னேன். இடம் இல்லை, ஆனால் பறவைக்காரர்கள் மாடிப்படிக்குப் பக்கத்து அறையில் உட்காரலாம் என்றார். அதை வாசலிலேயே எழுதி ஒட்டலாம். இன்னும் ஒட்டவில்லை.

உள்ளே போனதும் அவர் பறவையைத் தொடவே இல்லை. கூண்டை மேஜைமேல் வைக்கச் சொல்லி, துண்டை எடுத்துவிட்டு, தூரத்தில் உட்கார்ந்து பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டே என்னிடம் கேள்வி கேட்டார். என்ன தீனி? எத்தனை மணிக்கு விளக்கு அணைப்பீர்கள்? கண்ணாடி இருக்கிறதா? முட்டை எத்தனை? நான் காலண்டர் தாளைக் கொடுத்தேன். மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடுகிறதா என்று கவனித்தார். "வாலு ஆடுச்சுன்னா மூச்சுக்குக் கஷ்டப்படுதுன்னு அர்த்தமுங்க. இதுக்கு லேசாத்தான் ஆடுது. இப்ப பிடிக்கலாம்" என்றார்.

பிடித்த விதம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. விளக்கைக் குறைத்துவிட்டு, ஒரு சின்னத் துண்டால் பின்னாலிருந்து சுற்றி, தலையை இரண்டு விரல்களுக்கு நடுவில் தாங்கினார். நெஞ்சின்மேல் அழுத்தமே இல்லை. மனிதருக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உதரவிதானம் இருக்கிறது, பறவைக்கு அது கிடையாது, நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சே, அதை இறுக்கிப் பிடித்தால் பறவை கையிலேயே மூச்சுத் திணறிவிடும் என்று விளக்கினார். எடை 118 கிராம். காக்டெயிலுக்கு 80 முதல் 100 கிராம் வரை இருந்தால் போதும். மூன்று விரலில் அடங்குகிற பறவைக்கு 18 கிராம் அதிகம் என்றால் நாம் பத்துப் பதினைந்து கிலோ கூடப் போட்ட மாதிரி.

பஞ்சை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து வயிற்று இறகை இரண்டு பக்கமும் விலக்கிக் காட்டினார். அப்போதுதான் தோலை நான் முதல்முறையாகச் சரியாகப் பார்த்தேன். ஆரஞ்சுப்பழத் தோலைப் போல மஞ்சளாக, தடித்து, புள்ளிபுள்ளியாக இருந்தது. கொழுப்பு தோலில் படிந்து அப்படி ஆகிவிடுமாம். ஒரு ஓரத்தில் கம்பியில் உரசி உரசிச் சிவந்து, பொருக்குக் கட்டியிருந்தது. இத்தனை நாள் அவளோடு இருந்தும் இறகுக்கு அடியில் இவ்வளவு நடந்திருக்கிறது என்று தெரியாமல் இருந்துவிட்டேனே என்று கண் கலங்கிவிட்டது. டாக்டர் என்னைச் சமாதானப்படுத்தவும் இல்லை, குற்றம் சொல்லவும் இல்லை. விரல் நுனியால் மெதுவாக உப்பலை வருடிப் பார்த்துவிட்டு, "வயித்துச் சுவர் விட்டுப்போயிருக்குதுங்க. உள்ளே என்ன இறங்கியிருக்குதுன்னு தெரியணும். அதுக்கு முன்னாடி கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் அங்கே தொடர்ந்து போனேன்.

உப்பல் என்றால் குடலிறக்கம் மட்டும்தான் என்று இல்லை. முட்டை அடைபட்டிருக்கலாம், வயிற்றுக்குள் நீர் கோத்திருக்கலாம், மஞ்சள்கரு உள்ளே உடைந்து புண்ணாகியிருக்கலாம், கொழுப்புக் கட்டியோ வேறு கட்டியோ இருக்கலாம். வெளியிலிருந்து பார்க்க எல்லாம் ஒன்று மாதிரிதான். அதனால் முதலில் சாதா எக்ஸ்ரே, படுக்கவைத்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. முட்டை இல்லை என்று அதிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் கால், இறக்கை எலும்பெல்லாம் உள்ளே சுண்ணாம்பை அடைத்தாற்போல வெள்ளை வெளேரென்று இருந்தது. முட்டை ஓட்டுக்காகப் பெட்டைப் பறவை எலும்புக்குள் கால்சியத்தைச் சேர்த்து வைக்கும். முட்டை போடச் சொல்லும் ஹார்மோன் ஓயாமல் சுரந்துகொண்டிருப்பதற்கு அது அடையாளம். அதே ஹார்மோனும், ஓயாத முட்டையும், கூடுதல் கொழுப்பும் சேர்ந்துதான் வயிற்றுத் தசையைத் தளர்த்திவிடுகின்றன. லவ் பேர்ட்ஸ், காக்டெயில் பெட்டைகளுக்கு இது அதிகம் வருகிறதாம்.

அடுத்து பேரியம். மெல்லிய குழாய் வழியாகக் கழுத்தடியில் இருக்கும் தீனிப்பைக்குள் வெள்ளை மருந்தை விட்டு, நேரம் விட்டு நேரம் எக்ஸ்ரே எடுத்தார்கள். மருந்து போகிற வழியெல்லாம் படத்தில் வெள்ளையாகத் தெரியும். கடைசிப் படத்தை டாக்டர் கம்ப்யூட்டரில் காட்டினார். வயிற்றின் கோடு முடிகிற இடத்துக்குக் கீழே, வெளியே, நூல்கண்டு அவிழ்ந்து சரிந்தாற்போல வெள்ளைச் சுருள் ஒன்று கிடந்தது. குடல். முதலில் போன இடத்தில் ஊசி விடலாம் என்றார்களே, சரியாக அதே உப்பல். பிறகு ஸ்கேன் செய்து, முட்டைக்குழாயும் வீங்கி உப்பலுக்குள் பாதி வந்திருக்கிறது என்று உறுதி செய்தார்கள்.

ஹெர்னியா, அதாவது குடலிறக்கம் என்றால் தசையில் ஓட்டை விழுந்திருக்கும், அதைத் தைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். டாக்டர் சொன்னது, "ஓட்டைன்னா தைக்கறது சுலபமுங்கம்மா. இது கிழியலை, நைஞ்சிருக்குது." என் தொழில் தெரியாமலே சொன்னார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. நைந்த துணியில் ஊசி போட்டால் தையல் நிற்கும், துணி விட்டுப்போகும். பக்கத்தில் எங்கே நல்ல துணி இருக்கிறதோ அதுவரை போய்ப் பிடித்துத்தான் தைக்க வேண்டும். நான் தையல்காரி என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதற்கப்புறம் எங்கள் பேச்செல்லாம் அதே பாஷையில்தான் நடந்தது.

எல்லா உப்பலுக்கும் ஆபரேஷன் தேவையில்லை என்பதை அழுத்திச் சொன்னார். சின்னதாக இருந்து, பறவை சாப்பிட்டு, சுலபமாக எச்சமிட்டு, தோல் நன்றாக இருந்தால், முட்டையை நிறுத்தி எடையைக் குறைத்தே பல வருஷம் ஓட்டலாம். வெள்ளச்சிக்குத் தோல் புண்ணாகிவிட்டது, முக்குகிறாள், குடல் அங்கே மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் செய்தே ஆக வேண்டும். ஆனால் இன்றைக்கு வேண்டாம், 118 கிராமில் மயக்கம் கொடுப்பது ஆபத்து, முதலில் உடம்பைத் தயார் செய்வோம் என்றார். அந்தக் கூட்டத்தில் அன்றைக்கே தேதி கொடுத்துப் பணம் வாங்கியிருக்கலாம். அவர் ஏழெட்டு வாரம் தள்ளிப்போட்டார்.

அந்த வாரங்களில்தான் தப்பு எங்கே நடந்தது என்று எனக்குத் தெரிந்தது. பகல் நீண்டால் பறவைக்கு அது முட்டையிடும் பருவம். தீபாவளி, பொங்கல், பள்ளித் திறப்பு என்று வருஷத்தில் பாதி நாள் என் மிஷின் ட்யூப் லைட் இரவு பதினொன்று வரை எரியும். வெள்ளச்சி அதற்கு நேர் எதிரே. அவளுக்கு வருஷம் முழுக்க வசந்தகாலம்தான். முட்டையை எடுத்துப் போட்டதும் தப்பு. முட்டை காணாமல் போனால் கணக்கை நிறைக்க மேலும் மேலும் போடுமாம். கூண்டில் கட்டியிருந்த கொட்டாங்குச்சி, கண்ணாடி இரண்டையும் கழற்றச் சொன்னார். ஒதுங்க இருட்டான மூலை கிடைத்தால் கூடு என்று நினைத்துக்கொள்ளும், கண்ணாடியில் தெரிவதை ஜோடி என்று நினைத்துக்கொள்ளும். முதுகைத் தடவிக் கொடுப்பதையும் நிறுத்தச் சொன்னார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. தலையை மட்டும் சொறியலாம்.

கூண்டு உள் அறைக்குப் போனது. மாலை ஐந்தரைக்குக் கறுப்புத் துணி போட்டு மூடினால் காலை எட்டரைக்குத்தான் எடுப்போம். சூரியகாந்தி விதையை நிறுத்தித் தினை, கொஞ்சம் கம்பு, முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட். பெல்லட் என்ற உருண்டைத் தீனிக்குப் பழக்கவே மூன்று வாரம் ஆனது. மனிதருக்குப் போடுகிற லூப்ரோலைட் என்ற ஊசி மருந்தைத் துளி அளவில் மூன்று வாரத்துக்கு ஒன்றாக இரண்டு தடவை போட்டார்கள், முட்டை ஹார்மோனை அடக்க. மார்கழிக் கடைசியில் எடை 101. தோல் புண் காய்ந்திருந்தது. ஒரு முட்டைகூட இல்லை.

ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் ஒரு மணி நேரம் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். பறவையின் உடம்பில் ரத்தம் எடையில் பத்தில் ஒரு பங்கு. 101 கிராமுக்குச் சுமார் 10 மில்லி. அதில் ஒரு மில்லி வரை போனால் தாங்கும். ஒரு சிரிஞ்சில் ஒரு மில்லி தண்ணீரை எடுத்து வெள்ளைப் பஞ்சுமேல் சொட்டுச் சொட்டாக விட்டுக் காட்டினார். 20 சொட்டு. பஞ்சு உருண்டை முழுதாகக்கூட நனையவில்லை. "இவ்ளோதானுங்க நமக்கு இருக்கற இடம். அதனாலதான் ஒவ்வொரு ரத்தக்குழாயையும் கரண்ட்ல சுட்டு மூடிட்டே போவேன்" என்றார். எனக்கு மனசு கனத்துவிட்டது. ஆனால் தெரியாமல் கையெழுத்துப் போடுவதைவிடத் தெரிந்து போட்டது நல்லது.

மயக்கம் ஊசியில் இல்லை, ஐசோஃப்ளூரேன் வாயு. கொடுத்தால் சீக்கிரம் மயங்கும், நிறுத்தினால் சீக்கிரம் எழும். முகமூடி வைத்து மயக்கிய பிறகு மூச்சுக்குழாயில் சின்னக் குழாய் விடுவார்கள். நாய்க்கு விடும் குழாயில் காற்றடைத்து உப்பவைக்கும் பை இருக்கும், பறவைக்கு அந்தப் பையை உப்பவைக்கக் கூடாது. பறவையின் மூச்சுக்குழாய் வளையங்கள் முழு வட்டம், விரிந்து கொடுக்காது. பட்டினியும் இரண்டு மூன்று மணி நேரம்தான். நான் முன்பு போன் போட்ட ஓர் இடத்தில் நாய்க்குச் சொல்வதைப்போல ராத்திரி முழுக்கப் பட்டினி போடச் சொன்னார்கள். இந்தச் சின்ன உடம்பு அதைத் தாங்காது. மயக்கம் எதில், பட்டினி எத்தனை மணி நேரம் என்று போனில் இரண்டு கேள்வி கேட்டாலே எதிரில் இருப்பவருக்குப் பறவை பழக்கமா என்று தெரிந்துவிடும்.

முட்டைக்குழாயையும் சேர்த்து எடுத்துவிட முடிவு செய்தோம். அது இருந்தால் மறுபடி முட்டை, மறுபடி அதே வயிற்றில் பாரம். சூலகத்தை எடுக்க முடியாது. பெரும்பாலான பறவைகளுக்கு இடது பக்கச் சூலகம் மட்டும்தான் வேலை செய்யும், அதுவும் பெரிய ரத்தக்குழாயை ஒட்டியே இருக்கும், தொட்டால் ரத்தம் நிற்காது. அதனால் வெளிச்சக் கட்டுப்பாடு வாழ்நாள் முழுக்க என்று அப்போதே சொல்லிவிட்டார். இன்னொன்றும் சொன்னார், எனக்கு அதுதான் புதிது. வெளியே வந்த குடலை உள்ளே தள்ளித் தைத்தால் உள்ளே இடம் நெருக்கமாகிவிடும். பறவைக்கு வயிற்றுக்குள்ளும் காற்றுப்பைகள் உண்டு. அவை நசுங்கினால் எழுந்தபிறகு மூச்சு முட்டும். "அழகா இறுக்கித் தைக்க எனக்கும் ஆசைதானுங்க. ஆனா அது மூச்சு விடற அளவுக்குத் தளர்வா விட்டுத்தான் தைப்பேன். கொஞ்சம் உப்பல் மிச்சம் தெரியும், பயப்படாதீங்க." அளவெடுத்த ஜாக்கெட்டில் மூச்சு விட இடம் விடுகிறோமே, அது எனக்குத் தெரிந்த கணக்கு.

ஆபரேஷன் அன்று காலை நல்ல குளிர். பறவையின் உடம்புச் சூடு 40 டிகிரிக்கு மேல். மயக்கத்தில் அது சட்டென்று இறங்கிவிடும் என்று மேஜைமேல் சூடான மெத்தை, பக்கத்தில் விளக்கு. உள்ளே நான் போகவில்லை. வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் போனில் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டாள். ஒரு மணி இருபது நிமிஷம். உதவியாளர் பெண் கதவைத் திறந்து, "முழிச்சிட்டாளுங்க அக்கா" என்று சொன்னபோது என்னால் எழுந்திருக்க முடியவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் துண்டுமேல் கொண்டையைச் சாய்த்துக்கொண்டு நின்றிருந்தாள். வயிற்றில் இறகு பிடுங்கிய இடம் எங்கள் வீட்டுத் தபால்தலை ஆல்பத்தில் இருக்கும் ஒரு ஸ்டாம்ப் அளவுதான்.

இரண்டு ராத்திரி அங்கேயே வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் கூட்டி வந்தேன். பத்தாம் நாள் தையலைப் பார்க்கும்போது டாக்டர் எனக்குப் பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். ஓட்டுத் தையல் இல்லை. ஒவ்வொன்றும் தனித்தனி முடிச்சு, ஒன்று அவிழ்ந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும்படி. வெளியே தெரிந்தது ஏழு முடிச்சு. நூல் மயிரிழை மாதிரி. முடிச்சுக்கு முடிச்சு இடைவெளி ஒரே அளவு, தோல் சுருங்காமல், ஓரமும் ஓரமும் ஒட்டி உட்கார்ந்திருந்தது. 22 வருஷமாகத் தைக்கிறேன். அந்தச் சுத்தத்தை நான் துணியில்கூட அதிகம் பார்த்ததில்லை. அவரிடம் சொன்னேன். "உள்ள இருக்கற வரிசைதானுங்க முக்கியம், அது நல்ல தசையைத் தேடித் தேடிப் போட்டது" என்றார். உள்ளே போட்ட நூல் தானாகக் கரைந்துவிடும்.

குறை ஒன்று இங்கேயும் உண்டு. தையலைக் கொத்தாமல் இருக்கக் கழுத்தில் மாட்டிவிட்ட பிளாஸ்டிக் வட்டம் வெள்ளச்சிக்குக் கனம். கம்பியில் நிற்க முடியாமல் விழுந்தாள், தீனிக் கிண்ணத்தில் வாய் எட்டவில்லை. வீட்டுக்கு வந்த முதல் நாளே 4 கிராம் குறைந்துவிட்டது. பத்து கிராம் குறைந்தால் உடனே வரச் சொல்லியிருந்தார்கள். ராத்திரி ஏழு மணிக்கு மேல் கிளினிக் போனை யாரும் எடுப்பதில்லை. ஆபரேஷன் ஆன பறவையை அனுப்பும்போது ஒரு அவசர எண்ணாவது கொடுக்க வேண்டும். அன்று ராத்திரி திருப்பூர் பனியன் வேஸ்ட் துணியில் ரிப் துண்டு ஒன்றை எடுத்து, உள்ளே மெல்லிய ஸ்பாஞ்சை வைத்து, சுருக்கில்லாமல் ஒரு வட்டப்பட்டை தைத்து மாட்டினேன். குனிய முடியாது, ஆனால் கிண்ணத்தில் சாப்பிட முடியும். காலையில் டாக்டருக்குப் படம் அனுப்பினேன். இதுவே போதும் என்றார். அதற்கப்புறம் வேறு இரண்டு பறவைகளுக்கும் என்னிடமே தைத்து வாங்கினார். காசு வாங்கவில்லை.

வலி மருந்து மெலாக்சிகாம், நாளுக்குச் சில துளி, ஐந்து நாள். வாழைப்பழத்தில் தடவிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டாள். தினமும் காலை எச்சமிட்டவுடன் எடை பார்க்க 450 ரூபாய்க்கு ஒரு கிராம் தராசு வாங்கினேன். பறவை வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் அது இருக்க வேண்டும். பறவை நோயை மறைத்துக்கொள்ளும், தராசில் மறைக்க முடியாது.

செலவு: முதல் பார்வை 500, எக்ஸ்ரே 1,200, பேரியம் படங்கள் 1,800, ஸ்கேன் 1,000, ஹார்மோன் ஊசி இரண்டுக்கு 2,800, ஆபரேஷனும் வாயுவும் இரண்டு ராத்திரித் தங்கலும் சேர்த்து 14,000, மருந்து 600, பிறகு மூன்று தடவை பார்த்ததற்கு 900. மொத்தம் 22,800 ரூபாய். ஆபரேஷன் கட்டணத்தை முன்கூட்டியே சொன்னார்கள். பேரியத்துக்குத் தனியாக ஆகும் என்பதைப் படம் எடுத்த பிறகுதான் சொன்னார்கள், அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். "அந்தக் காசுக்கு ரெண்டு வெள்ளாட்டுக்குட்டி வாங்கிக் கட்டியிருக்கலாமே" என்று ஒறம்பரையில் ஒருவர் சொன்னார். வாங்கியிருக்கலாம்தான். ஆறு வருஷமாக நான் மிஷினை மிதிக்கிற சத்தத்துக்கு எதிர்ச்சத்தம் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் இவள். எங்கள் வீட்டில் யாரும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

இப்போது எடை 94. எச்சம் சுலபமாக வருகிறது. தோலின் மஞ்சள் தடிப்பு பாதிக்கு மேல் மறைந்துவிட்டது. டாக்டர் சொன்னபடியே வயிற்றில் லேசான உப்பல் மிச்சம் இருக்கிறது, விரலால் வருடினால் மெத்தென்று இருக்கும். மறுபடி இறங்க வாய்ப்பு உண்டு என்பதையும் அவர் மறைக்கவில்லை. அதனால் மாதம் ஒருமுறை அதே வெளிச்சத்தில், அதே கோணத்தில் போனில் படம் எடுத்து அனுப்புகிறேன். ஐந்து படத்திலும் ஒரே அளவு.

இடம் தெரிந்து அங்கே போகிறவர்களுக்கு: செவ்வாய்க்கிழமையைவிடச் சனிக்கிழமை கூட்டம் அதிகம். காலை எட்டரைக்குள் டோக்கன் வாங்கிவிடுங்கள். வழக்கமாகத் தின்னும் தீனியைக் கையோடு கொண்டு போங்கள், அங்கே இருப்பதைப் புதுப் பறவை தொடாது. கூண்டுத் தாளை மாற்றாமல் அப்படியே கொண்டு போங்கள், எச்சத்தை அவர் பார்ப்பார். எத்தனை முட்டை, எந்தெந்தத் தேதி என்று எழுதி வையுங்கள். ஹாலில் நாய் இருந்தால் கேட்காமலே மாடிப்படிப் பக்கத்து அறைக்குப் போய்விடுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.